ஐந்து எளிய வழிகளை எழுதியவன்

1.

மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடைத்தது. நேற்று, கை சுருக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனேன். தையல்கடைப் பெண்ணுக்குப் பிரசவத் தேதி தாண்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. வயிறு மெஷினை இடிக்க, எட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு: 'பிரசவ வலி வர ஐந்து எளிய வழிகள்.'

அதை எழுதியது நான். பெயர் போடவில்லை. இருபத்து மூன்று வயதில், பக்கத்தின் மூலையில் காலியாகக் கிடந்த நாலு அங்குலத்தை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன். அப்போது எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

அவளுடைய நாத்தனார் விளக்கெண்ணெய் பாட்டிலை ணங்கென்று வைத்தாள். "காலைல வெறும் வயித்துல ரெண்டு கரண்டி. பத்திரிகையிலயே போட்டிருக்கான், அப்புறம் என்ன பயம்?"

நான் சட்டையை வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

2.

வெட்கம் தூங்கவிடவில்லை, விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'காலைக் கதிரின் பொன்னொளி பாட்டிலில் பட்டுத்' (சீ, விளக்கெண்ணெய்க்கு எதற்கு இந்த அலங்காரம்!)

இரண்டாவது: 'அவள் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். அடுத்த அரை மணியில்'

[முடிக்க மனம் வரவில்லை. குடிக்கவைத்தால் கதை பிய்த்துக்கொண்டு ஓடும். ஆனால் அவள் குடிக்கப்போவது என் கதையில் மட்டும் இல்லையே.]

மூன்றாவதில் ஒரு நர்சைக் கொண்டுவந்தேன். அவர் என்ன பேசுவார் என்று தெரியாததால், பிரசவ வார்டில் வேலை பார்க்கும் பெரியம்மா மகளுக்குப் போன் போட்டு, அந்த ஐந்து வழிகளையும் சொன்னேன்.

"விளக்கெண்ணெயா? வலி வந்தாலும் வரும், வராமலும் போகும். வாந்தியும் பேதியும் வந்து, உடம்புல தண்ணி வத்தி, துவண்டுபோய் இங்கதான் வருவாங்க. அன்னாசிப்பழம்? அதால வலி வரும்னு யாரும் நிரூபிக்கல. நடக்கலாம், தப்பில்ல. ஆனா நாள் தாண்டினா டாக்டர் பாக்கணும்டா. குழந்தை அசைவு குறைஞ்சா அந்த நிமிஷமே கிளம்பணும். ஆமா, யாருக்கு?"

"ஒரு கதைக்குக்கா."

"பொய் சொல்லாத."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழு. வெறும் வயிற்று நேரம். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை

3.

கடைக்குப் பின்னாலேயே வீடு. பாட்டில் திறந்திருந்தது, நல்லவேளை, கரண்டி இன்னும் காய்ந்தே இருந்தது.

"அந்தத் துண்ட எழுதினது நான்தாம்மா," என்றேன், மூச்சிரைக்க.

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"அப்ப எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

"அடப்பாவி மனுஷா!"

தையல்கடைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்கண்ணே, இதுலயே வந்துரும்போல."

(ஆறாவது வழி என்று சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பட்டது போதும்.)

அக்கா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். தையல்கடைப் பெண் கடைக்குள் வந்து, மேசைக் கண்ணாடியைத் தூக்கித் துண்டை உருவி, திருப்பிப் போட்டாள். "இதுல சரியா எழுதிக் குடுங்க. அடுத்தவ யாராவது பாப்பா."

எழுதினேன். கேட்டு எழுதியதாலோ என்னவோ, ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. நாத்தனார் பாட்டிலை மூடினாள். "சரி விடு, என் முட்டிக்குத் தேய்ச்சுக்கறேன். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

4.

ஆண், பெண், இரட்டை என்று மூன்று முடிவுகள் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். தெரியாததை வைத்து இடத்தை நிரப்பிய பிழைப்பு எனக்குப் போதும். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆட்டோ வரும்வரை அவள் வெட்டக் கிடந்த கறுப்புத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஓர் உதைக்கு ஒரு கோடு. பத்து வரை எண்ணச் சொல்லி டாக்டர் பழக்கியிருந்தாராம். ஒன்பதாவது கோடு விழும்போது வாசலில் ஹாரன். சாக்கட்டியை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாள்.

ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் சட்டென்று நின்றாள். நான் ஓரடி முன்னால் வைத்தேன். திரும்பினாள், முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, பத்து!"

துணி இதோ இருக்கிறது, ஒன்பது கோடுகளோடு. பத்தாவதை நான் போடவில்லை. இந்தாருங்கள் சாக்கட்டி, நீங்கள் போடுங்கள். கோணலானாலும் பரவாயில்லை.