இருபதாவது பக்கம்

"முக்காத. வாயைத் திறந்து மூச்சு வுடு. நான் சொல்ற வரைக்கும் முக்கக்கூடாது" என்று அதட்டிக்கொண்டே, தலை மட்டும் வெளியே வந்திருந்த குழந்தையின் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள் சுராயா. அடுத்த விநாடி அவள் முகம் மாறியது.

கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. ஒரு சுற்றல்ல, இரண்டு. தலைக்கு மேலாகக் கழற்றிவிடலாம் என்றால் விரல் நுழையக்கூட இடமில்லை. குழந்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

"இன்னா?" என்றாள் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ரெபேக்காள்.

"ரெண்டு சுத்து, சிஸ்டர். தளர மாட்டேங்குது."

"அதுக்கு என் மூஞ்சிய எதுக்குப் பாக்கற? கேஸ் உன்னுது."

ரெபேக்காள் புதுப்பட்டினம் பிரசவ நிலையத்து மிட்வைஃப். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படிக்கும் மாணவிகள் ஊர்ப்பக்கம் பிரசவம் பார்க்க வந்தால், கூட உட்கார்ந்து சாட்சிக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. அவள் கை பட்டுவிட்டால் அந்தக் கேஸ் மாணவிக்குச் சேராது.

சுராயாவுக்கு இது இருபதாவது கேஸ். சொந்தக் கையால் இருபது பிரசவம் பார்த்து, கேஸ் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, நாளைக் காலை பத்து மணிக்குள் ஒப்படைத்தால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். தவறினால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்ற ஒன்று சுராயாவுக்குக் கிடையாது. "இந்தத் தடவை பாஸ் பண்ணு, இல்லன்னா நிக்காஹ்" என்று சொல்லி, ஆம்பூர் தோல் மண்டிக்காரர் குடும்பத்தோடு தேதிவரை பேசி வைத்திருந்தார் அத்தா அமானுல்லா.

இடுக்கி ஒன்று. அரை அங்குலம் தள்ளி இடுக்கி இரண்டு. நடுவில் கத்தரி. கொடி அறுபட்டு விலகியதும், "இப்ப முக்கும்மா, பலமா" என்றாள்.

குழந்தை வழுக்கிக்கொண்டு கையில் வந்து விழுந்தது. அழவில்லை.

ரப்பர் குழாயால் வாயிலிருந்த சளியை உறிஞ்சினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். முதுகை மேலும் கீழும் தேய்த்தாள். பிரசவித்த சந்திரம்மா, தலையைத் தூக்கமுடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெந்நீரோடு நின்ற மீன்காரி வேண்டா, "பூடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வாய மூடு" என்றாள் ரெபேக்காள்.

மறுபடி சுண்டினாள் சுராயா. ஒரு விக்கல் கேட்டது. அப்புறம், பூனைக்குட்டி போல் தொடங்கி, வீடு அதிர ஒரு அழுகை.

"பொண்ணு" என்றாள் சுராயா.

வேண்டாவுக்கு உயிர் வந்தது. "நாலாவது பொண்ணுன்னு எனுக்கு வேண்டான்னு பேர் வெச்சாரு எங்க நைனா. இதுக்காச்சும் நல்ல பேரா வெய்யுங்கம்மா."

சந்திரம்மாவே சிரித்துவிட்டாள்.

நஞ்சுக்கொடி விழுந்து, துடைத்து, எடை பார்த்து முடித்தபோது மணி மூன்றரை. செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. அந்த இடத்திலேயே, சாட்சியின் முன்னிலையிலேயே, பக்கத்தை எழுதி முடிக்கவேண்டும் என்பது விதி. சுராயா புத்தகத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். தாயின் பெயர், வயது, எத்தனையாவது பிரசவம் எல்லாவற்றுக்கும் சந்திரம்மா பதில் சொன்னாள்.

"வூட்டுக்காரர் பேரு?"

சந்திரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுராயாவுக்கு இது புதிதல்ல. புருஷன் பெயரை வாயால் சொன்ன பெண்ணை அவள் இதுவரை கண்டதில்லை. மாமியாரோ நாத்தனாரோ எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் சவுக்குத் தோப்புக்கு நடுவிலிருந்த இந்த ஒற்றை ஓட்டு வீட்டில் அப்படி யாருமில்லை.

"நீயாவது சொல்லேன், வேண்டா."

"எனுக்கு இன்னா தெரியும்? வாரத்துல ஒரு தபா வருவாரு. வெயிலு மழ ஒண்ணும் இல்லாதப்பவும் குடை புடிச்சுகினு வருவாரு. நான் குடையத்தான் பாத்துகீறேன். மூஞ்சியப் பாக்கல."

ரெபேக்காள் சுராயாவை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"புரியுதா? ரெண்டாந்தாரம். ரெண்டு பொண்டாட்டி கூடாதுன்னு சட்டம் வந்த பொறவு சர்க்கார் உத்யோகக்காரன் எவன் இதை வெளிய சொல்லுவான்? சொன்னா வேல பூடும்."

"அப்ப அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடவா?"

"வுட்டுட்டு? அக்தர் பேகத்துக்கு இன்னா ஆச்சு?"

அது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த கதை. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அவ்வப்போது படித்துப் பச்சை மையில் கையெழுத்திடுபவர் பெரிய டாக்டர் கஜபதி. ஞாயிறுதோறும் மனைவியோடு வார்டைச் சுற்றிவந்து ரொட்டி கொடுக்கும் மனிதர். ஒழுக்கம் என்றால் உயிரை விடுவார். போன மாதம் சுராயாவோடு படித்த அக்தர் பேகத்தின் புத்தகத்தில் புருஷன் பெயர் இல்லாத ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடிட்டுத் தள்ளினார். "தகப்பன் பேர் இல்லாத குழந்தையை என் கையெழுத்துக்குக் கொண்டுவராதே" என்றார். அக்தர் பேகம் இப்போது வீட்டில் துணி தைக்கிறாள்.

"ஏதாச்சும் ஒரு பேர எழுதித் தொலை" என்றாள் ரெபேக்காள். "முனுசாமின்னு எழுது. இந்தப் பக்கம் பாதிப் பேரு முனுசாமிதான்."

"இதைப் பாத்துத்தானே சிஸ்டர், பஞ்சாயத்துல பிறப்பு பதிவாங்க?"

"ஆமா."

"அப்ப அந்தப் புள்ள ஆயுசுக்கும் முனுசாமி பொண்ணு."

"அதனால அதுக்கு ஒண்ணும் ஆவாது. உனுக்குத்தான் ஆம்பூர் ஆவும். மணி மூணே முக்கா."

சுராயா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பேனா முனை காகிதத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது.

"இன்னா எழுதற?" என்றாள் சந்திரம்மா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு பேரு. கட்டம் காலியா இருந்தா நான் பரீட்சை எழுத முடியாதும்மா."

"யாரு பேரு?"

"முனுசாமி."

சந்திரம்மா முழங்கையை ஊன்றி எழுந்தாள். "வேணாம். எம் பொண்ணுக்கு எவன் பேரையோ எழுதாத."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"வாயால சொன்னா அவரு ஆயுசு கொறையும்." கையை நீட்டினாள். "அந்தப் புஸ்தகத்த இங்க குடு."

சுராயா கொடுத்தாள். இருபதாவது பக்கத்தைச் சந்திரம்மா பார்க்கவேயில்லை. அதைப் புரட்டிப் பத்தொன்பதுக்குப் போனாள்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நீ தொறந்தப்பவே பாத்தேன். அவரு எனுக்கு மருந்து எழுதித் தர்ற சீட்டுல எல்லாம் அடியில இதான் கீது."

அவள் விரல் பக்கத்தின் கடைசி வரியில் போய் நின்றது. பச்சை மையில், வாலைச் சுருட்டிய பாம்பு போல ஒரு கோட்டின் மேல், டாக்டர் கஜபதியின் கையெழுத்து.