செம்பருத்தியில் கட்டிய துணி

தெரியாமல் செய்திருந்தால் சதீஷை மன்னித்திருப்பேன். எல்லாம் தெரிந்தே செய்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும்போது செடிக்குள் குருவிக்கூடு கண்ணில் பட்டால், அந்தச் செடியில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவோம். பின்னால் கத்திரியோடு வருகிறவள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். என் வீட்டுக்காரரின் தம்பி சதீஷும் இதே லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். இப்போது வண்டிப்பெரியாரில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரிகிறான்.

வீட்டுக்குப் பின்னால் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டியதும், என் மகள் முத்துமாரி என் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து அந்தச் செடியில் கட்டினாள். தன் குட்டித் தம்பியையும் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பாள். கிட்டே போகவிட மாட்டாள். குஞ்சு பொரித்த அன்று இரண்டு பேரும் சோறுகூடத் தின்னவில்லை.

சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, சதீஷ் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் கேமராவோடு இரண்டு பேர். செம்பருத்தியைப் பார்த்தேன். கூட்டை மூடியிருந்த கிளைகளையெல்லாம் வெட்டி மொட்டையடித்திருந்தார்கள். படம் தெளிவாக விழ வேண்டுமாம்! குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

“ஏலே, துணி கட்டியிருந்தது ஒன் கண்ணுல படலையால?”

“அத வச்சுத்தான மதினி கண்டுபிடிச்சேன். இல்லேன்னா இந்த எலைக்குள்ள எங்க போய்த் தேட?” சிரித்தான், வெட்கங்கெட்டவன். “நாளைக்கும் ரெண்டு பேரக் கூட்டிட்டு வாரேன். சும்மா பாத்துட்டுப் போயிருவாங்க.”

வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஜீப் போயே விட்டது. வெட்டிப்போட்ட கிளைகளைப் பொறுக்கி நானும் முத்துமாரியும் கூட்டுக்கு மேல் கட்டுவதற்குள், காக்கை ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு போனது. மிச்சம் இரண்டு. தாய்க்குருவி திரும்பி வர இருட்டிவிட்டது.

முத்துமாரி அழவில்லை. “நான் துணி கட்டலேன்னா சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதுல்லாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அக்கிரமம் செய்தவன் சிரித்துக்கொண்டு போகிறான், காப்பாற்ற நினைத்த பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

மீதிச் சேலையை எடுத்து வந்தேன். நானும் அவளும் உட்கார்ந்து கிழித்து, வேலி நெடுக ஒவ்வொரு கம்பிலும் கட்டினோம். வாசல் படலில் மட்டும் இரட்டை முடிச்சு.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. கேமராவோடு இறங்கிய பெண் வேலியைப் பார்த்து, “இதெந்தா சதீஷே, உற்சவமாணோ?” என்று மலையாளத்தில் கேட்டாள், திருவிழாத் தோரணம் என்று நினைத்து.

சதீஷ் படலில் வைத்த கையை எடுத்துக்கொண்டான்.

படலுக்கு இந்தப் பக்கம் முத்துமாரி நின்றாள். “சொல்லு சித்தப்பா. நம்ம காட்டுல துணி கட்டினா என்ன அர்த்தம்னு அவங்ககிட்டச் சொல்லு. ஒனக்குத்தான் தெரியுமே.”

அவன் முகம் செத்துப் போயிருந்தது. ஜீப் திரும்பிப் போகும்வரை அவள் படலை விட்டு நகரவில்லை.