காதோடு சொன்ன விவரம்

சட்டைக் காலரின்மீது இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தவள், வாசலில் இருவர் வந்து நிற்பதைக் கண்டாள். ஒருத்தி அடுத்த தெருத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா, கையில் நீல அட்டை நோட்டு. மற்றவர் ரொட்டி வண்டிக்காரர். ரொட்டிக் கடை மூடி ஓராண்டாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

"ரொட்டியா, ஓட்டா? எதுக்கு வந்திருக்கீங்கண்ணே?" என்றாள் இஸ்திரிக்காரி.

"ரெண்டும் இல்லம்மா. மூலை வீட்டுக்காரர் மூச்சு முட்டிக் கிடந்தப்போ ஆஸ்பத்திரி வண்டி இந்த மேட்டுல ஏற முடியாம அடிவாரத்துலயே முக்கால் மணி நேரம் நின்னுச்சே. இனிமே அப்படி ஆகக் கூடாதுன்னு நாங்க ஆறு பேர் சேர்ந்திருக்கோம். ரொட்டித் தட்டையெல்லாம் கழட்டிட்டு வண்டிக்குள்ள பலகை போட்டாச்சு. கேட்டு வாங்கின ஆக்ஸிஜன் சிலிண்டர் ரெண்டு இருக்கு."

"உங்க வீட்டுல யாருக்காவது மூச்சுத் தொந்தரவு உண்டா?" என்று தையல்காரி நோட்டைப் பிரித்தாள். "முன்னாடியே தெரிஞ்சா சிலிண்டரைப் பக்கத்துலயே வெச்சிருப்போம்."

பின்னறையில் இருமல் கிளம்பியது. இஸ்திரிக்காரி சட்டென்று தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தாள். ஈரத்துணி சீறிய ஓசையில் இருமல் அமிழ்ந்தது.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. அவரு இரும்பு மாதிரி இருக்காரு."

தையல்காரி பின்னறைத் திரையை ஒரு கணம் பார்த்தாள். எதையும் எழுதாமல் நோட்டை மூடினாள்.

அவர்கள் போனபின் கணவன் தலையணையை வாயிலிருந்து எடுத்தான். "பூனை வந்து வளையில எத்தனை எலின்னு அக்கறையா விசாரிச்சா, எலி என்ன நினைக்கும்?" என்று சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு மீண்டும் இருமலாயிற்று.

அந்தச் சந்தின் ஆண்கள் எல்லோரும் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தார்கள். காலையில் வாயிலில் நின்று டோக்கன் கொடுக்கும் மேஸ்திரிக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. வரிசையில் இருமியவனுக்கு மறுநாள் டோக்கன் கிடையாது. அவ்வாறு மூவர் வேலையிழந்திருந்தனர். நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு நோட்டு, அந்த மனிதரின் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இஸ்திரிக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல், வேலை முடிந்து வந்த கணவன் வாசற்படியிலேயே சரிந்தான். அவள் வெறுங்காலோடு தையற்கடைக்கு ஓடினாள். ரொட்டி வண்டி ஆறே நிமிடத்தில் வந்துவிட்டது; சிலிண்டர் வரவில்லை. ஒன்று கீழ்ச்சந்தில் இருந்தது, மற்றொன்று மேட்டுத் தெருவில். நோட்டில் பெயர் உள்ள வீடுகளுக்கு அருகே அவற்றை வைத்திருந்தார்கள். கீழ்ச்சந்திலிருந்து இருவர் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவன் உதடுகள் நீலம் பாரித்துவிட்டன. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே அவளுக்குச் சுட்டது.

உயிர் தங்கியது. நுரையீரலில் பாதி கல்தூசி என்றார் மருத்துவர். பட்டறைக்குக் காலில் சுளுக்கு என்று சொல்லியனுப்பிவிட்டு, வார்டு வாசலில் அவள் தையல்காரியிடம் சொன்னாள்: "எழுதிக்கோக்கா."

மூன்றாம் வாரம் அவன் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் மேஸ்திரி தையற்கடைக்கு வந்தார்.

"புண்ணியமான காரியம் பண்றீங்க. முதலாளி காதுக்குப் போச்சு. மாசாமாசம் டீசல், ரெண்டு புதுச் சிலிண்டர், அவரே தர்றேங்குறாரு. அந்த நோட்டுக்கு ஒரு நகல் மட்டும் குடுத்துடுங்க. எங்க ஆளுங்க உடம்புல எங்களுக்கும் அக்கறை இருக்காதா?"

"கலந்து பேசிச் சொல்றோம்" என்றாள் தையல்காரி. அவர் தெருமுனையைத் தாண்டும் முன்னே அந்தச் சொல் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் முற்பகல் இஸ்திரிக்காரி போனபோது கடைக்குள்ளும் வெளியிலுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"கலந்து பேச என்னக்கா இருக்கு? எங்களை வித்தாச்சா, இன்னும் விலை படியலையா?"

தையல்காரி மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். "மூணு நாளா வண்டியில சொட்டு டீசல் இல்ல. அதான் யோசிச்சோம். பொய் சொல்லல. காலையில போயி முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டோம்."

"அதை நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். இந்தா, உன் பக்கத்தை நீயே கிழிச்சுக்கோ."

நோட்டு ஏற்கெனவே பாதியாக மெலிந்திருந்தது. கணவன் பெயர் இருந்த தாளை அவள் தேடி எடுத்தாள். 'பின்னறை. வாசல் குறுகல். தூக்க இருவர் போதும், ஆள் எடையில்லை.' கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு கிழித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"கிழிச்சாச்சா? இப்ப அதுல இருந்ததை என் காதுல சொல்லிட்டுப் போ."

இஸ்திரிக்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்தாள். பெயர், மாத்திரை, பின்னறை என்று அவள் சொல்லச் சொல்ல, தையல்காரி கண்களை மூடிக்கொண்டு, வாய்ப்பாடு படிப்பவளைப்போல் உதடுகளை அசைத்தாள். பின்னால் நின்றவள் தன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று இரண்டடி விலகிக்கொண்டாள். தன் முறைக்காகத் தாளை மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேட்டுத் தெருவிலிருந்து ஆள் வந்தது. தையல்காரி எந்தத் தாளையும் பார்க்கவில்லை. "படியேறி இடது பக்கம். நாலு பேர் வேணும். சிலிண்டர் எதிர்வீட்டுல இருக்கு" என்றாள்.

மருத்துவமனை அடிவாரத்தில் இருந்தது. டீசல் இல்லாவிட்டாலும் இறக்கத்தில் வண்டி தானே உருண்டுவிடும். மேலே கொண்டுபோவதுதான் பாடு. ரொட்டி வண்டிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பட்டறை விடுமுறையில் இருந்த நால்வர் பின்னாலிருந்து தள்ளினார்கள். இஸ்திரிக்காரியின் கணவனும் அவர்களில் ஒருவன். பத்தடிக்கு ஒருமுறை அவள் சக்கரத்துக்குக் கீழே கல்லை வைத்தாள். நால்வரும் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து இருமினார்கள்; மூச்சு திரும்பியதும் மறுபடி தோளைக் கொடுத்தார்கள். மேட்டின் உச்சியில் ஒரு பெண் இரு கைகளையும் ஆட்டி அழைத்துக்கொண்டிருந்தாள்.