பெயர் போடாத புகார்

எங்கள் தலைமை எழுத்தருக்கு மவுஸைத் தொட்டால் தோள்பட்டை வலிக்கும். அதே தோள்பட்டை மதிய இடைவேளையில் கேரம் ஆடும்போது வலித்து நான் பார்த்ததே இல்லை.

கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே நகர்த்தும் புது மென்பொருளை இந்த அலுவலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் தலைமையகம் என்னை அனுப்பியது. ஒப்பந்த வேலை. வருடக் கடைசிக்குள் எல்லாரும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால் என்னை நிரந்தரமாக்குவதாக மேலாளர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். நானும் மண்டையை ஆட்டி நம்பினேன்.

சொல்லிக்கொடுத்தேன், சொல்லிக்கொடுத்தேன், தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வேகம் என்றேன், வெளிப்படைத்தன்மை என்றேன். கொட்டாவி விட்டார்கள். தபால் பிரிவு அக்கா தன் மானிட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருந்தாள். அதைக் கழற்ற வைப்பதே எனக்குப் பெரும்பாடு. பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் வேறு ஒட்டியிருந்தாள்.

"அக்கா, பாஸ்வேர்ட யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பெத்த தாய் கேட்டாலும் குடுக்கக்கூடாது."

"எனக்கெதுக்கும்மா அந்தக் கருமம்? நீயே வச்சுக்கோ."

ஒருநாள் வெறுத்துப்போய், அதுவரை நான் சட்டையே செய்யாத ஒரு பொத்தானை ஒப்புக்குக் காட்டினேன். "இது புகார் பகுதி. இங்க குறை எழுதினா நேரா தலைமையகத்துக்குப் போயிடும். எழுதினது யாருன்னு தெரியாது."

கொட்டாவி பாதியில் நின்றது.

"யாருக்குமேவா?" என்றார் தலைமை எழுத்தர்.

"மேலாளருக்குக்கூடவா?" என்றாள் அக்கா.

"யாருக்குமே தெரியாது."

அடேயப்பா! மறுநாள் நான் வருவதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. அக்காவின் பூப்போட்ட உறை மேசை ஓரத்தில் மடிந்து கிடந்தது. சுவரில் பாஸ்வேர்டைக் காணோம். தலைமை எழுத்தர், அக்காவின் மின்விசிறி தன் காகிதங்களைப் பறக்கடிப்பதாக இரண்டு பக்கத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார். தோள்பட்டை வலி போன இடம் தெரியவில்லை. அன்றைய கோப்புகளை முடித்தால்தான் எழுதிய புகாரை அனுப்ப முடியும் என்று எந்த மகராசனோ மென்பொருளில் விதி வைத்திருந்தான். கோப்புகள் பறந்தன. ஊருக்கு நல்லது என்றால் ஏறாத புத்தி, பக்கத்து நாற்காலி மாட்டிக்கொள்ளும் என்றால் எப்படி ஏறுகிறது பாருங்கள்.

அக்கா என்னைக் கிசுகிசுத்துக் கூப்பிட்டாள். "போட்டோல சிவப்பா வட்டம் போடறது எப்படிம்மா?"

"எந்த போட்டோக்கா?"

"அத விடு. வட்டத்தச் சொல்லு."

சொல்லிக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி நிரந்தரம்தான் என்று வீட்டில் அம்மாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

வருடக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போனேன். அவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

தலைமையகத்திலிருந்து திரும்பி வந்த ஒரு புகார், என் மேல். ஒரு கட்டம் விடுபடவில்லை, இணைப்பு இடத்தில் இணைப்பு, மருந்துக்கும் பிழை இல்லை. 'பயிற்சியாளர் வேலையின்றி அமர்ந்திருக்கிறார். எங்களுக்கு எல்லாம் தெரியும்.' கீழே நான் டீ குடிக்கும் படம். என் தலையைச் சுற்றி அச்சுப்போல ஒரு சிவப்பு வட்டம். படத்தின் ஓரத்தில் மடித்துவைத்த பூப்போட்ட துணி.

"எல்லாரையும் தேத்திட்டீங்க, ரொம்ப சந்தோஷம்மா," என்றார் மேலாளர். "அதனாலதான் இனிமே பயிற்சியாளர் வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

நேரே என் இடத்துக்கு வந்து நானும் ஒரு புகார் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் என் லாகினை முடக்கியிருந்தார்கள். இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

வெட்கத்தை விட்டு அக்காவிடம் போய் நின்றேன். "அக்கா, உங்க பாஸ்வேர்ட கொஞ்சம் குடுங்க. ஒரே நிமிஷம்."

அக்கா கீபோர்டைக் கையால் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதெப்படிம்மா குடுக்க முடியும்? பெத்த தாய் கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு நீதான சொன்ன?"