உண்மையள்ள

“பிறந்த நாளும் இல்ல, கல்யாண நாளும் இல்ல. இது எட்டாவது தடவம்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டு மகன் கணினியிலிருந்து கையை எடுத்தான்.

கூடத்தில் அவளுடைய கணவர் காலையிலிருந்து அசையாமல் கிடந்தார். வாசலில் மருத்துவக் கல்லூரி வண்டி காத்திருந்தது. உடலை மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் எழுதிய கடிதம் கணினிக்குள் இருக்கிறது, கடவுச்சொல்லுக்குப் பின்னால். வீட்டுப் பத்திரத்திலிருந்து ரத்தப் பரிசோதனை வரைக்கும் எதையும் பூட்டாமல் விட்ட மனிதர் இல்லை அவர்.

“எழுத்துல காட்டுங்க. இல்லன்னா என் தம்பிய மண்ணுலதான் வைக்கணும். நாலு மணிக்குக் குழி தோண்ட ஆள் வருது” என்று கணவரின் அண்ணன் நாற்காலியை விட்டு எழாமல் சொன்னார்.

கோப்பின் பெயரே குறிப்பு: ‘நீ எப்பவும் தப்பா அடிக்கிற வார்த்தை’.

“நீங்க எதம்மா தப்பா அடிப்பீங்க?”

அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவளும் அவரும் ஒரே அலுவலகத்தில் தட்டச்சர்கள். கடித முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று வர வேண்டும். அவள் விரல் மட்டும் ‘யு’வை ‘ய’ ஆக்கிவிடும். உண்மையள்ள. “உண்மைய அள்ளத்தான் வந்தீங்களா? கூடை எங்க?” என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டார். அந்தக் கிண்டல்தான் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது.

தெரியாது என்று சொன்னால் போதும். இரண்டு தெரு தள்ளி மண்ணுக்குள் இருப்பார், நினைத்தபோது போய்ப் பக்கத்தில் உட்காரலாம். அவளுக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும். ஆனால் அவளை நம்பித்தானே மனிதர் இப்படியொரு பூட்டைப் போட்டிருக்கிறார்.

“எழுந்திரு” என்றாள் மகனிடம்.

“தமிழுக்கு மாத்தித் தரவா?”

“வேண்டாம். அவர் என்னைக்கு மாத்தினார்?”

கணினி ஆங்கிலத்திலேயே இருந்தது. அவள் விரல்கள் பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் ‘உண்மையள்ள’வின் ஒவ்வொரு எழுத்தும் இருந்த இடத்தைத் தட்டின; அவரும் அப்படித்தான் அடிப்பார். விசைப்பலகையைப் பார்க்கவே இல்லை. கடிதம் திறந்தது.

அண்ணன் இரண்டு முறை படித்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்” என்றார். பிறகு, “சரிம்மா. தூக்கச் சொல்லு.”

வண்டி கிளம்பும் முன் ஊழியர் ரசீதை நீட்டினார். ஆண், வயது 71, உடல் ஒன்று.

“எழுபத்திரண்டு. போன வாரம் முடிஞ்சுது” என்றாள்.

“பரவால்லம்மா. ஒரு வயசுதானே.”

“அந்த ஒரு வருஷமும் கூடத்தாங்க இருந்தேன்.”

ஊழியர் பேனாவைக் கொடுத்தார். அவள் 71-ஐ அடித்து மேலே 72 என்று எழுதி, அலுவலகத்தில் செய்வதைப் போலவே, திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள்.