கபுறடிச் செவ்வந்தி

ஸைனம்பு வளர்த்தது வெள்ளைச் செவ்வந்தி. வேறு நிறமே அவள் வளவில் கிடையாது. பூத்து ஓய்ந்ததும் தண்டை ஒட்ட நறுக்குவாள். அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நடுவாள். விதை ஏமாற்றலாம், பக்கக் கன்று ஏமாற்றாது. தாய் என்ன நிறமோ பிள்ளையும் அதே நிறம்.

காய்ச்சல் ரம்புக்கனை ஊரை வாரிக்கொண்டு போன வருஷம், அவளுடைய ஒரே மகள், நாலு வயது நபீலாவும் போனாள். பிள்ளையை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. பெற்றவளுக்கும் அதே சட்டம்தான், யாரை நோவது? மூன்று கன்றுகளைச் சிரட்டையில் வைத்துக் கணவன் அப்துல் ரஸாக்கிடம் கொடுத்தாள். கபுறு மண்ணின்மேல் பச்சை நிற்கும்வரை அது பிள்ளைக்காக அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் ஓதும் என்பார்கள். அவர் நட்டார். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் போகையில் அவள் நிரப்பிக் கொடுத்த செம்பையும் கொண்டுபோனார்.

"தழச்சீக்கா?"

"நல்லா தழச்சீக்கி."

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் அடுத்த வெள்ளிவரை சோறு தின்றாள்.

மார்கழியில் கிணற்றடியில் முதல் மொட்டு விரிந்தது. "அங்கயும் பூத்தீக்கும். ஒரே ஒரு பூ கொண்டு வாங்கொ. புள்ளட மொகத்தப் பாத்த மாதிரி ஈக்கும்" என்று கெஞ்சினாள்.

கொண்டுவந்தார். மஞ்சள் பூ.

விடியுமுன் கடைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர், வெள்ளி மதியமும் வாசலோடு செம்பை வாங்கிக்கொண்டு போகிறவர், தன் வீட்டுக் கிணற்றடி என்ன நிறத்தில் பூக்கிறது என்று எப்போது பார்த்தார்? பாவம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

"இது எங்க பறிச்ச பூ?"

அப்துல் ரஸாக் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். "தோட்டத்து லயத்துல, கோயிலுக்குப் பூ கட்டுற வீட்டுல கேட்டு வாங்கினது. வைகாசி மழக்கி மையவாடிக் கரை சரிஞ்சி ஓயா ஆத்துல உழுந்திட்டு. புள்ளட கபுறும் போயிட்டு, ஸைனம்பு. ஒனக்குச் சொல்ல ஏலாமப் போச்சி."

பிள்ளையை இரண்டாம் தரம் பறிகொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. கோபமும் பொங்கியது. கவிழ்த்து வைத்திருந்த செம்பு கண்ணில் பட்டது. இந்த ஏழு மாதத்தில் ஒரு வெள்ளிகூட அது தண்ணீரோடு திரும்பி வந்ததில்லை.

"அப்ப தண்ணிய எங்க ஊத்தினீங்க?"

"கரயில நிண்டு ஓயாவுக்குத்தான்."

அடுத்த வெள்ளி செம்பை நிரப்பினாள். கிணற்றடியில் விரிந்திருந்த வெள்ளைப் பூவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.