ஆயில்யத்துக்கு வைத்த பெயர்

என் அப்பா ராஜவேல் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர். பொய் சொல்ல வராது. கடலூரில் எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கூட இருந்து குடித்தனம் பண்ணினால்தான் கஷ்டம் தெரியும்.

எனக்கு ஆயில்யம் நட்சத்திரம். ஆயில்யப் பெண் வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாதாம். இதைச் சொல்லியே வந்த வரன்களெல்லாம் தட்டிப் போயின. போகட்டும், அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. செந்தமிழ்ச்செல்வன் அப்படியில்லை. செம்மங்குப்பத்தில் ஒரே கம்பெனி லேபில் வேலை பார்த்தோம். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அவன் அம்மா மலர்க்கொடிக்குக் கீரப்பாளையம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வயலைப் பார்த்துக்கொண்டு மகனைச் சிதம்பரத்தில் படிக்கவைத்தவர். என் ஜாதகத்தைப் பார்த்து மாதக்கணக்கில் மறுத்துவிட்டு, கடைசியில் மகனுக்காக இறங்கி வந்தார். 2012 மாசியில் ஒரு சாயங்காலம், திருவந்திபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"பயம் இல்லன்னு பொய் சொல்லமாட்டன் கண்ணு. ஆனா எம்புள்ள ஆசப்படறான். பெருமாள் பாத்துக்குவாரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் இருந்தால்தான் அதிசயம். காற்றுக்காக எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். தானே புயல் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்திருந்ததால் வானம் பளிச்சென்று கிடந்தது. அப்பாவுக்கு இது போதாதா?

"ஆயில்யத்த நேர்ல பாத்திருக்கீங்களாம்மா? வாங்க, காட்டறன். உங்க பயமே போயிடும்."

அவர் விரல் நீட்டிய பக்கம் மலர்க்கொடி அம்மா வெகுநேரம் தேடினார். மங்கலாக நாலைந்து புள்ளிகள்.

"இத்தினியூண்டா? இதுக்கா இத்தன நாளு தூக்கமில்லாம கெடந்தன்!" வாய்விட்டுச் சிரித்தார். செல்வன் என்னைப் பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

"எல்லாம் வெறும் நெருப்பு உருண்டைங்கம்மா. நம்மாளு ஆயில்யம்னான், வெள்ளக்காரன் வேற பேரு வச்சிருக்கான்."

"அவுங்க இன்னா பேரு வச்சிருக்காங்க?"

சும்மாதான் கேட்டார். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு அது உறைக்கவே இல்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அப்பாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

"ஹைட்ரா. கிரேக்கக் கதையில வர்ற பேரு."

"அப்பிடின்னா?"

"தண்ணிப் பாம்பும்மா. நீங்க பாத்தது அதோட தல. ஒரு தலய வெட்டுனா ரெண்டு மொளைக்கும். மூச்சுக் காத்துலயே வெஷம்."

மலர்க்கொடி அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நம்ம பக்கமும் ஆயில்யம் பாம்புன்னுதான் சொல்றாங்க," என்றார் மெதுவாக. "கடல் தாண்டி இருக்கறவனும் அதையேவா சொல்றான்?"

"வெறும் கதைம்மா..." அப்பா அப்போதுதான் தடுமாறினார்.

"நம்ம ஜோசியக்காரன் ஒருத்தன் சொன்னா தள்ளிடலாம்ணே. ஒருத்தர ஒருத்தர் பாக்காதவங்க ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா நான் இன்னா பண்ணுவன்?"

என்னிடம் வந்து கன்னத்தைத் தடவினார். "உன்மேல ஒரு கொறையும் இல்ல கண்ணு. என்னால முடியல." திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். கன்னத்தைத் தடவுகிற கிழவியிடம் என்ன பேசுவது?

செல்வன் அம்மாவைத் தாங்கிப் படியிறக்கினான். நான் வழியில் நின்றேன். "போன் பண்றன் மதி," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அந்த அம்மாவுக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. வழியை விட்டு ஒதுங்கினேன்.

அவர்கள் போன பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முழுசாக் கேக்காமப் போயிட்டாங்களேம்மா. கடைசியில ஒரு வீரன் வந்து அந்தப் பாம்பக் கொன்னுடறான். அதச் சொல்லியிருந்தா பயம் போயிருக்கும்."

"அவங்களுக்கு அந்தப் பாம்பு நாந்தாம்பா."